அப்பாவின் பதினாறு

என் கல்யாணம் ஒரு மைனஸ் குறியில் மாட்டிக்கொண்டு நின்றது. மற்றப் பெண்களுக்கு ஜாதகம் பொருந்தாது, மூக்கு சப்பை என்பார்கள், நிறம் மட்டு என்பார்கள். என்னை யாரும் அப்படி ஒரு குறை சொல்லவில்லை. வந்த பிள்ளைகளுக்குத்தான் கணக்கு வரவில்லை. வரவில்லை என்று என் அப்பா சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். கல்கத்தாவில் அப்போது இருந்த நம் மனுஷர்களில் பாதிப் பேர் அவருக்குக் கீழே குமாஸ்தாக்கள். மீதிப் பேர் அவருக்குக் கீழே குமாஸ்தா ஆகக் காத்துக்கொண்டிருந்தவர்கள்.

கல்கத்தா ரோடுகளில் குதிரை போய் மின்சாரத்தில் டிராம் ஓட ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பவானிபூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். அப்பா ஒரு பெரிய ஆபீஸில் கணக்குப் பிரிவுக்குத் தலைவர். கும்பகோணத்தில் எஃப்.ஏ. படித்தபோது கணிதத்தில் முதலாவதாக வந்தவராம். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அவரே சொல்லித்தான் தெரியும். அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, சொல்லிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது அந்தக் கணிதம் என் தலையில் வந்து விடிந்தது. "கணக்கு தெரியாதவனுக்குப் பொண்ணைக் குடுத்தா அவன் என்ன குடும்பம் நடத்துவான்?" என்றார். பெண் பார்க்க வருகிற பிள்ளை முதலில் தான் போடுகிற அல்ஜீப்ராக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், அப்புறம்தான் பெண்ணைக் கண்ணில் காட்டுவேன் என்று சட்டம் போட்டார். ஊரில் இருந்தால் இது நடக்குமா? பிள்ளையின் அத்தை ஒருத்தி போதும், இடுப்பில் கை வைத்து நின்று கேட்கிற கேள்வியில் ஸ்லேட்டும் பலப்பமும் தெருவுக்குப் போயிருக்கும். இங்கே வருகிறவன் ஒண்டிக்கட்டை. பெற்றவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கேயோ இருப்பார்கள். இவன் மெஸ்ஸில் சாப்பிட்டு, டிராமில் தொங்கி, தனியாக வந்து பாயில் உட்காருவான். அப்பாவுக்குக் கேட்பாரில்லை.

கணக்கை அவரே கட்டினார். அவர் கட்டிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கணக்கைப் போட்டு விடையைக் கண்டுபிடிப்பார்கள். என் அப்பா விடையை முதலில் வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆச்சே, விடை பதினாறாக இருக்க வேண்டுமாம். ஆசீர்வாதம் பண்ணும்போது பெரியவர்கள் சொல்கிற அந்தப் பதினாறு. எக்ஸ் பதினாறு என்றால் மூன்று எக்ஸ் நாற்பத்தெட்டு. அதிலிருந்து பின்னாலேயே நடந்து போய், இந்தப் பக்கம் கொஞ்சம் கழித்து, அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டி, ஆறு எக்ஸில் பன்னிரண்டு போனால் மூன்று எக்ஸும் முப்பத்தாறும் என்று ஒரு சமன்பாடு கொண்டுவந்தார். அதுவரைக்கும் சரி. அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நிறுத்துவாரா? அடைப்புக்குறி இல்லாவிட்டால் கணக்குக்குக் கௌரவம் ஏது? அதனால் இடது பக்கத்தைப் பிரித்து இப்படி ஜோடித்தார்:

8x − 2(x − 6) = 3x + 36

இதை வெள்ளையாக ஸ்லேட்டில் எழுதி, தள்ளி வைத்துப் பார்த்து, "பேஷ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடையைச் சரிபார்க்கவில்லை. தான் போட்ட கணக்கைத் தானே சரிபார்ப்பதா? அது குமாஸ்தா வேலை இல்லையோ!

பிள்ளைகள் வந்தார்கள். கதவு இடுக்கில் நின்று நான் பார்த்த கூத்தைச் சொன்னால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒருத்தன், "எழுத்து எப்படி மாமா எண்ணா ஆகும்?" என்று கேட்டான். கேட்டவன் ஒரு கம்பெனியில் பில் எழுதுகிறவன்! இன்னொருத்தன் புஸ்தகம் பார்த்துக்கொள்ளலாமா என்றான். இன்னொருத்தன் தன் சிநேகிதனைப் பார்த்தான், சிநேகிதன் கூரையைப் பார்த்தான். ஒரு பி.ஏ. வந்தார். விறுவிறு என்று போட்டு, எட்டு என்று விடை எழுதி நீட்டினார். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, "தப்பு" என்றார். அந்த பி.ஏ. என்ன செய்தார் தெரியுமோ? "அப்படித்தான் இருக்கும், மன்னிக்கணும்" என்று சொல்லி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படித்த படிப்பை அந்தத் துணியாலேயே துடைத்துப் போட்டிருக்கலாம். எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் தலைவர் தப்பு என்றால் தப்பு, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணிதம்.

இதற்கு நடுவில் என் வயது நிற்குமா? எனக்குப் பன்னிரண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பெரியவளாவதற்குள் தாலி ஏறியாக வேண்டும் என்று கழுத்தை நெரித்த காலம் அது. ஏறாவிட்டால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள், அந்தப் பெண்ணை அப்புறம் யாரும் கட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்கினவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அதைத் திட்டக்கூட நேரம் இல்லை, பயந்து பயந்தே பாதி ஆகிவிட்டாள். விடிந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள்.

"ஏன்னா, அந்த எக்ஸ் எத்தனையா இருந்தா நமக்கென்ன? குழந்தை உக்காந்துட்டா ஊர் சிரிக்கும்னா!" என்பாள்.

"கணக்குன்னா கணக்குதான். உன் அவசரத்துக்கு எக்ஸ் மாறுமா?" என்பார் அப்பா.

மாறாதாம்! மாற்றி வைத்ததே அவர்தான் என்று அப்போது அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்புறம் ஹவுராவிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே ஒரு பட்டறை ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. ஸ்டீமரில் கங்கையைத் தாண்டி வந்ததில் வேஷ்டி ஓரம் நனைந்திருந்தது. ஒல்லியாக, உயரமாக, பெரிய காதுகளோடு இருந்தார். ஸ்லேட்டை வாங்கினார், போட்டார், கீழே வைத்தார். எட்டு.

"தப்பு" என்றார் அப்பா.

நான் அங்கவஸ்திரத்தை எதிர்பார்த்தேன். அவர் அசையவில்லை. "தப்பு இல்லை மாமா. எட்டுதான் வரும்" என்றார்.

அப்பாவின் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்து எத்தனை காலமாகியிருக்குமோ. "எட்டா? கல்யாணப் பேச்சுல எட்டா? அஷ்டமி மாதிரி! இது பதினாறுக்குப் போட்ட கணக்கு ஐயா!" என்று கத்தினார். இந்த ஊரில் துர்க்கைக்கு அஷ்டமி அன்றைக்குத்தான் தெருத்தெருவாக மேளம் கொட்டுகிறார்கள், அது அவர் காதில் ஏறினதே இல்லை.

"நீங்க எதுக்கு வேணா போட்டிருக்கலாம். அடைப்புக்கு முன்னாடி மைனஸ் இருக்கு. பிரிச்சு எழுதறச்சே உள்ளே இருக்கற மைனஸ் பிளஸ் ஆயிடும். ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறதுதானே?"

"என் ஆத்துல உக்காந்துண்டு எனக்கே பாடம் சொல்றீரா? எழுந்திரும்!"

எழுந்தார். பதறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஸ்லேட்டை எட்டு தெரியும்படி நிமிர்த்தி வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா தட்டில் வைத்திருந்த பட்சணம் தட்டிலேயே இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பெரிய காதுகளை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. என் அப்பாவிடம் 'இல்லை' என்று சொன்ன ஒரு மனுஷரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆனால் யார் சரி? அது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு வங்காளி வக்கீலுக்கு ஒரு மகள். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள், குதிரை வண்டியில் பள்ளிக்கூடம் போகிறவள். அக்கா என்பதை அவர்கள் பாஷையில் சொல்லி, நான் தீதி என்று கூப்பிடுவேன். எங்கள் மொட்டைமாடியும் அவர்கள் மொட்டைமாடியும் ஒட்டினாற்போல் இருக்கும். அப்பளம் உலர்த்துகிற சாக்கில் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஓ மா! இதற்கா இத்தனை பேரைத் துரத்தினார்?" என்று வங்காளியில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எக்ஸ் என்றால் பூதம் ஒன்றும் இல்லை, நமக்கு இன்னும் தெரியாத ஒரு எண், அவ்வளவுதான் என்றாள். அது எது என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் எண்ணை வைத்துக் கூட்டிப் பார், இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் சரி, வராவிட்டால் தப்பு என்றாள்.

இவ்வளவுதானா! குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் விட்டுப் பார்ப்பது போல இவ்வளவு சுலபமா! கரித்துண்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரிலேயே போட்டேன். எக்ஸுக்கு எட்டு: எட்டெட்டு அறுபத்துநாலு, அதில் இரண்டிரண்டு நாலு போனால் அறுபது. அந்தப் பக்கம் இருபத்துநாலும் முப்பத்தாறும் அறுபது. இப்போது பதினாறு: நூற்றிருபத்தெட்டில் இருபது போனால் நூற்றெட்டு. அந்தப் பக்கம் நாற்பத்தெட்டும் முப்பத்தாறும் எண்பத்துநாலு. எங்கே நூற்றெட்டு, எங்கே எண்பத்துநாலு! பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த யாரும் போட்டுப் பார்த்திருக்கலாம். பி.ஏ. போட்டுப் பார்க்கவில்லை. கும்பகோணத்து முதலாவது போட்டுப் பார்க்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. நேரே அப்பாவிடம் போய், "அப்பா, எக்ஸுக்குப் பதினாறு போட்டா இந்தப் பக்கம் நூத்தியெட்டு வரது" என்று ஆரம்பித்தேன்.

"நூத்தியெட்டா!" அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "பேஷ், பேஷ்! பார்த்தியாடி, அஷ்டோத்திரம்! அது எனக்கே தோணலை. எவ்வளவு சுபமா அமைஞ்சிருக்கு பார்!"

"ஆனா அந்தப் பக்கம் எண்பத்திநாலுதான் வரதுப்பா."

"அது நீ கூட்டினதுல தப்பு இருக்கும். பொம்மனாட்டிக்கு எக்ஸும் மண்ணாங்கட்டியும் எதுக்கு? போ, அம்மாவுக்கு அரிசி களைஞ்சு குடு."

அரிசி களைந்தேன். களைந்த தண்ணீரை அவர் தலையில் கொட்டவில்லை என்பது என் பொறுமைக்கு அத்தாட்சி. ஆபீஸில் சாகேப்புக்கு இவர் எத்தனை அடைப்புக்குறிகளைப் பிரித்துக் கொடுத்தாரோ, அந்த ராஜ்ஜியம் எப்படி நின்றதோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கூட்டல் கழித்தல் புரிந்ததோ இல்லையோ, ஒன்று புரிந்தது: இந்த மனுஷர் பதினாறை விடமாட்டார், பெண் அதற்குள் பெரியவளாகிவிடுவாள். உடனே தன் தம்பியைக் கூப்பிட்டாள். என் மாமாவுக்கும் அப்பாவின் ஆபீஸில்தான் உத்தியோகம். அம்மா அவனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்டீமர் ஏறி ஹவுராவுக்குப் போனான்.

திரும்பி வந்து அடுப்பங்கரை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "பதினாறுன்னு எழுதிடுங்கோ, பொண்ணும் கிடைக்கும், அத்திம்பேர் ஆபீஸ்ல நிரந்தரமா வேலையும் கிடைக்கும்னேன். சரின்னுட்டார் அக்கா."

"யோசிச்சாரா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கே யோசிச்சார்? முன்னால வச்ச டீ ஆறலை, அதுக்குள்ள சரின்னுட்டார்."

அம்மா இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தாள். எனக்கு அந்த ஆறாத டீ தொண்டையில் சுட்டது.

ஹவுராக்காரர் மறுபடி வந்தார். அதே பாய், அதே ஸ்லேட், அதே அடைப்புக்குறி. அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவு இடுக்கை விட்டு நகரவில்லை. அவர் வரிவரியாகப் போட்டுக்கொண்டே வந்தார். அடைப்பைச் சரியாகத்தான் பிரித்தார், கணக்குப் பழகிய கை. கடைசி வரியில் எட்டு என்று எழுதிவிட்டார். எழுதிவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு எட்டை அழித்தார். மேல் வரிகளையும் அழித்தார். அழித்த ஈரத்தின் மேலேயே பதினாறு எழுதி நீட்டினார்.

"திருந்திட்டார் பார்! அன்னிக்கு நான் சொன்னது உறைச்சிருக்கு!" என்று அப்பா தொடையில் தட்டினார். அன்றைக்கே முகூர்த்தம் பார்க்க ஆள் போயிற்று. அம்மா அழுதாள், சந்தோஷத்தில்தான். நானும் அழுதேன், எதில் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் அவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்காகத்தானே செய்தார் என்று சொல்லிக்கொண்டேன். எட்டு என்று சாதித்திருந்தால் என்னைக் கொடுத்திருப்பாரா அப்பா? என் கதி என்ன ஆகியிருக்கும்? முதலில் எட்டு எழுதினாரே, அது போதாதா? அந்த எட்டு அவருக்குள்ளே இருக்கிறது, நாக்கு ஈரத்தில் ஸ்லேட்டில் அழிந்தது அவ்வளவுதான் என்று முகூர்த்தம் வரைக்கும் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பக்கத்து வீட்டு வக்கீல்கூட அவ்வளவு வாதாடியிருக்க மாட்டார்.

மொட்டைமாடியில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. தாலி ஏறியாயிற்று. இனி என்னை யாரும் பெரியவளாகிவிட்டாள் என்று தள்ள முடியாது, அவரையும் யாரும் படியிறக்க முடியாது. மாலையில் நலங்கு. எதிரும் புதிருமாக உட்கார வைத்து, பெண் மாப்பிள்ளையின் காலில் நலங்கு இட்டு, தலை வாரி, கண்ணாடி காட்டி, அப்பளத்தைத் தலையைச் சுற்றி உடைத்து, கேலிப் பாட்டுப் பாட வேண்டும். நலங்கில் யார் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் முறை. மாமனாரை மாப்பிள்ளை முட்டாள் என்று சொன்னால்கூட எல்லாரும் சிரித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

"பாடுடி! மாப்பிள்ளையைக் கேலி பண்ணிப் பாடு!" என்று பெண்டுகள் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பாட்டு வராது. கணக்குதான் போடச் சொல்லுவேன்" என்றேன். நலங்குத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஸ்லேட்டை எடுத்தேன். அதே கணக்கை முன்னாலேயே எழுதி வைத்திருந்தேன்.

பந்தலே சிரித்தது. "என் பொண்ணாச்சே!" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். ஆபீஸ் மனுஷர்கள் சூழ அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தீதியும் தன் அம்மாவோடு வந்திருந்தாள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் ஸ்லேட்டை மாப்பிள்ளையிடம் நீட்டி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நெஜமா எத்தனையோ அதை எழுதுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெரிய காதுகள் சிவந்தன. எட்டு என்று எழுதியிருந்தால் என்ன போயிருக்கும்? ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியிருக்கும். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்து வைத்திருப்பார். எழுதினால் நலங்கு விளையாட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு அந்த எட்டு இலவசமாகக் கிடைத்தது.

அவர் தலையைத் திருப்பி என் அப்பாவைப் பார்த்தார். அப்பா புருவத்தை உயர்த்தினார்.

பலப்பத்தை எடுத்தார். வரிவரியாகப் போடவில்லை, அடைப்பைப் பிரிக்கவில்லை. கணக்குக்கு அடியில் நேராக, கொட்டை எழுத்தில், பதினாறு என்று எழுதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார். கை தட்டினார்கள். நான் குனிந்து அவர் காலுக்கு நலங்கு இட ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவர் கைக் கட்டைவிரலுக்கு அழிக்க ஒரு எட்டுகூட இருக்கவில்லை.